அம்மா கை வத்தக்குழம்பை மறுபடி பிடிப்பது எப்படி?

மர்பிடவுன்_மகன்

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசியில் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. படையலில் அவங்க வைக்கிற மாதிரியே மணத்தக்காளி வத்தக்குழம்பு வைக்கணும். அம்மாவுக்குச் சொந்த ஊர் மாயவரம், சமைச்சதெல்லாம் பெங்களூர் மர்பி டவுனில். எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை.

வைத்துப் பார்த்த அளவு இது: புளி 50 கிராம், தண்ணீர் 600 மில்லி, கடைச் சாம்பார் பொடி மூன்று டீஸ்பூன், நல்லெண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு பத்துப் பல், வத்தல் ஒரு கைப்பிடி. எவர்சில்வர் பாத்திரம். பன்னிரண்டு நிமிஷம் கொதித்தது.

குறை என்னவென்றால், நிறம் சிவப்பாக வருகிறது. அம்மாவுடையது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். புளிப்பு நாக்கு நுனியில் குத்துகிறது. ஏதோ இனிப்பான மசாலா வாசனை அடிக்கிறது. விழுங்கின பிறகு ஒரு கசப்பு. சித்தி இரண்டு தடவையும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா அக்கா குழம்பு இல்ல" என்றார்.

அவங்க அஞ்சறைப்பெட்டி, கால் டப்பா குழம்புப்பொடி, புளிப்பானை, கல்சட்டி எல்லாம் அப்படியே இருக்கு. அடுத்த வாரம் சமையலறையை ஒழிக்கப் போகிறோம். எங்கே தொடங்குவது?

அஞ்சறைப்பெட்டி

தம்பி, ஒழிக்கிறதை முதலில் தள்ளிப் போடுங்க. எதையும் கழுவாதீங்க, எதையும் கொட்டாதீங்க. குறிப்பு இல்லைன்னு சொல்றீங்க, ஆனா அந்தச் சமையலறையே குறிப்புதான். அதைப் படிக்கிற முறை இருக்கு.

கல்சட்டியை வெளிச்சத்தில் சாய்த்து உள்பக்கம் பாருங்க. தினமும் ஒரே குழம்பு ஒரே அளவில் கொதிச்ச சட்டியில் இரண்டு வளையம் தெரியும். மேலே இருக்கிறது மெல்லிசா, பழுப்பா இருக்கும். அது புளித்தண்ணி ஊற்றின மட்டம். கீழே இருக்கிறது தடிப்பா, எண்ணெய்ப் பிசுக்கோட, கறுப்பா இருக்கும். அது குழம்பு வற்றி இறக்கின மட்டம். இரண்டு மட்டத்துக்கும் தண்ணி ஊற்றி, அளவு ஜாடியில் திருப்பி ஊற்றி எழுதிக்குங்க. எவ்வளவு வைத்து எவ்வளவாக வற்றவிட்டாங்கன்னு அந்த இரண்டு எண்ணே சொல்லிடும். வத்தக்குழம்பில் பாதி ருசி அந்தக் கணக்குதான்.

அடுத்தது ஸ்பூன். அஞ்சறைப்பெட்டிக்குள்ள கிடக்கிற ஸ்பூன் கடையில் விற்கிற டீஸ்பூன் அளவு இருக்காது. அதால் பொடியைக் குவிச்சு அள்ளி, சமையலறைத் தராசில் ஐந்து தடவை நிறுத்து சராசரி எடுங்க. அம்மாகூட அடுப்படியில் நின்னவங்க யாராவது "மூணு ஸ்பூன் போடுவா"ன்னு சொன்னா, அது இந்த ஸ்பூன்தான்.

உப்பு கல்லுப்பா தூளுப்பான்னு பாருங்க. ஒரே ஸ்பூனில் கல்லுப்பு எடை குறைவா நிற்கும், அதனால் ஸ்பூன் கணக்கை அப்படியே தூளுப்புக்கு மாற்றினா குழம்பு கரிக்கும். மளிகைச் சீட்டு, தினக்காலண்டர் பின்பக்கம், பழைய டைரி எல்லாம் தேடுங்க. மாசம் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கின வீட்டில் குழம்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற்றியிருக்க மாட்டாங்க. வாட்ஸப்பில் உறவுக்காரங்களுக்கு அவங்க அனுப்பின குரல் பதிவுகளையும் கேளுங்க. சமையல் சொல்ற பதிவு பல வீட்டில் தங்கைகள் போனில்தான் கிடக்கும்.

மீதிப் பொடியில் இரண்டு ஸ்பூன் தனியா எடுத்து, ஈரமில்லாத சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைச்சு ஃப்ரீஸரில் வைங்க. அது மோந்து பார்க்கிறதுக்கு மட்டும். எடுத்தா அறை சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்கணும். குளிர்ச்சியோட திறந்தா காற்றில் இருக்கிற ஈரம் பொடிமேல இறங்கிடும்.

மில்லுக்கார_தம்பி

இனிப்பு மசாலா வாசனைக்குக் காரணம் அந்தக் கடைப்பொடி. பெங்களூர் கடைகளில் சாம்பார் பொடின்னு கிடைக்கிறது பெரும்பாலும் கன்னட வீட்டு ஹுளிப் பொடி வழியில் செய்தது. பட்டை இருக்கும், சிலதில் லவங்கமும் கொப்பரையும் சேரும். பிஸிபேளாபாத்துக்கு அது உயிர். புளியை வற்றவிட்டால் பட்டை வாசனை மட்டும் தனியா எழும்பி நிற்கும்.

மிளகாயும் வேறே. இந்தப் பக்கம் சாதாரணமா விற்கிறது பேடகி. தோல் சுருங்கி, நீளமா இருக்கும், நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் கம்மி. சிவப்பு வருதுன்னு எழுதினீங்களே, அதில் ஒரு பங்கு அதுதான். மாயவரம் பக்கம் குழம்புப்பொடிக்குக் குண்டு மிளகாய், இல்லைன்னா நீள மிளகாய் போடுவாங்க. அதில் காரம் முன்னே நிற்கும், நிறம் பின்னே நிற்கும்.

அம்மா பொடியில் என்ன இருந்ததுன்னு இப்படிப் பாருங்க. ஒரு டீஸ்பூன் பொடியை 100 மில்லி தண்ணியில் மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. கூழ் மாதிரி இறுகினா பருப்போ அரிசியோ அரைச்சிருக்காங்க. தண்ணியாகவே இருந்தா வெறும் மல்லி, மிளகாய் வகை. இன்னொரு சிட்டிகையை நாக்கில் வைங்க. மிளகாய்க் காரம் உதட்டிலயும் நாக்கிலயும் உடனே தெரியும். மிளகு கொஞ்சம் தாமதிச்சுத் தொண்டையில் வந்து உட்காரும். கடைசியில் லேசான கசப்பு நின்னா வெந்தயம். ஆனா ஒரு வருஷமான பொடியில் வாசனை பாதி போயிருக்கும், அதனால் அளவை அதை வைத்து முடிவு பண்ணாதீங்க. என்னென்ன சாமான்னு தெரிஞ்சுக்க மட்டும் அது.

தொடக்கத்துக்கு டெல்டா வீடுகளில் பழகின ஒரு கணக்கு: மல்லி 500 கிராம், மிளகாய் 250, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 50, மிளகு 50, சீரகம் 50, விரலிமஞ்சள் 30, வெந்தயம் 20. எடுத்த எடுப்பில் மில்லுக்குக் கொண்டு போகாதீங்க. பத்தில் ஒரு பங்கு, அதாவது மல்லி 50, மிளகாய் 25 என்ற கணக்கில் மிக்ஸியில் அரைச்சு, ஒரு குழம்பு வைத்து, திருத்தி, அப்புறம் மொத்தமா அரைங்க. மிக்ஸிக்கு விரலிமஞ்சள் வேண்டாம், பிளேடு போயிடும். தூள் போட்டுக்கலாம்.

வறுக்கிறதா, வெயிலில் காயவைக்கிறதா? அம்மா பொடி பழுப்பா, வேர்க்கடலை மாதிரி வாசனையோட இருந்தா வறுத்தது. செங்காவி நிறத்தில் பச்சை மல்லி வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தா வெயிலில் காய்ஞ்சது. இது மாறினா மற்ற எல்லா அளவும் சரியா இருந்தும் குழம்பு வேறே ஆளுதுதான். பெங்களூரில் ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி இரண்டு நாள் நல்ல வெயில் பார்த்துக் காயவைங்க. மிளகாய் ஒடிச்சா 'பட்'னு சத்தம் வரணும். மில்லில் மிளகாய் மிஷினைத் தனியா வைத்திருப்பாங்க. உங்களுக்கு முன்னாடி வேற யாராவது மிளகாயோ மல்லியோ அரைச்ச பிறகு போடச் சொல்லுங்க. அரைச்சதும் சூடா இருக்கிற பொடியை டப்பாவில் அடைக்காதீங்க, உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, சலிச்சு, அப்புறம் அடைங்க.

மர்பிடவுன்_மகன்

ரொம்ப நன்றி. அளந்துவிட்டேன். கல்சட்டி மேல் வளையம் 1,100 மில்லி. கீழ் வளையம் 650. ஸ்பூன் குவித்தால் சராசரி 9 கிராம். தங்கை "குவிச்சு மூணு" என்று உறுதியாகச் சொல்கிறாள். உப்பு, கல்லுப்பு. பொடியைக் கொதிக்கவிட்டால் இறுகுகிறது. நிறம் செங்காவி. பானைப் புளி கறுப்பு, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, உப்புக் கல் கலந்திருக்கு. மளிகைச் சீட்டில் மாதம் ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெய்.

கல்சட்டி

அளவே எல்லாம் சொல்லிவிட்டது. 1,100 வைத்து 650 வரைக்கும் வற்றியிருக்கிறது, நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விட்டது. நீங்கள் பன்னிரண்டு நிமிஷத்தில் இறக்கினது வெந்த குழம்பு, வற்றின குழம்பு இல்லை. கறுப்பு நிறமும், புளிப்பு குத்தாமல் அடங்குவதும் அந்த வற்றலில்தான் வரும்.

பழம்புளிதான் இன்னொரு பாதி. மாசி, பங்குனியில் இறங்குகிற புதுப்புளி வெளிர்ப்பழுப்பு, புளிப்பு கூர்மை. உப்புப் போட்டுப் பானையில் ஒரு வருஷம் கிடந்த புளி கறுத்துவிடும், புளிப்பு உருண்டு வரும். கடையில் கேட்கும்போது "பழைய புளி" என்றே கேளுங்கள். பானையில் மிச்சம் இருப்பது பூச்சியில்லாமல், பூஞ்சை இல்லாமல் இருந்தால் திதிக்கு அதையே எடுங்கள். கொட்டை, நார் நீக்கி 60 கிராம். வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, மூன்று தடவையாகக் கரைத்து மொத்தம் 1,100. பானைப் புளியில் உப்பு இருப்பதை மறக்க வேண்டாம், குழம்பு உப்பைக் கடைசியில் மட்டும் போடுங்கள்.

இனி அந்தச் சட்டி. ஒரு வருஷம் சும்மா கிடந்த மாக்கல் சட்டியை நேராக அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து உள்ளும் புறமும் தடவி இரண்டு நாள் வையுங்கள். துடைத்துவிட்டு, சூடான சோற்றுக்கஞ்சி ஊற்றி ஆறவிட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று நான்கு நாள். அப்புறம் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் சூடு காட்டி, அதே தண்ணீரோடு தானாக ஆறவிடுங்கள். புதுச் சட்டி என்றால் இந்தப் பழக்கலுக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். சோப்பு வேண்டாம், கல் அதைக் குடித்துவிடும். சீயக்காயோ அரப்போ போதும். சூடான சட்டியை ஈரத் திண்ணையில் வைக்காதீர்கள், பிரிமணை வையுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் இது ஏறாது.

கல்சட்டி அடுப்பை அணைத்த பிறகும் ஐந்து, பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கும். அதனால் கீழ் வளையத்துக்கு ஒரு விரல்கனம் மேலே இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். வளையம் பார்த்து அணைத்தால் குழம்பு தொக்காகிவிடும்.

கும்பகோணம்_அத்தை

கசப்பை யாரும் சொல்லலையேப்பா. கசப்பு மூணு இடத்தில வரும். வெந்தயம் கருகினா வரும். வத்தல் கருகினா வரும். பொடியை எண்ணெயில போட்டுத் தீய விட்டா வரும். மூணுக்கும் சுவை வேற வேற.

வெந்தயக் கசப்பு சாப்பிட்டு முடிச்ச பிறகும் அண்ணத்தில நிக்கும். வெந்தயம் அரை டீஸ்பூனுக்கு மேல வேண்டாம். எண்ணெய் காய்ஞ்சதும் கடுகு, அது வெடிச்சதும் வெந்தயம், பொன்னிறம் தாண்டறதுக்குள்ள வெங்காயத்தைக் கொட்டிடணும். வெங்காயத்து ஈரம் பட்டதும் சூடு இறங்கிடும், வெந்தயம் தப்பிச்சுக்கும். அதுக்காக வெங்காயத்தை உரிச்சுப் பக்கத்திலயே வெச்சிருக்கணும். தாளிச்சிட்டு வெங்காயம் தேடப் போனா அவ்வளவுதான்.

வத்தலைத் தனியா வறுத்து எடுத்து வையி. முதல்ல நல்லெண்ணெய் 100 மில்லி, மிதமான சூடு. வத்தலைப் போட்டா உப்பிக்கிட்டு மேல வரும், அந்த நிமிஷமே அரிகரண்டியால எடுத்துடு. நிறம் மாறட்டும்னு காத்திருந்தா கரி. அதே எண்ணெயில தாளி. குழம்பு வத்தி இறக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வத்தலைப் போடு.

பொடியை எண்ணெயில போடறதா இருந்தா அடுப்பை அணைச்சிட்டுப் போட்டு, ஒரு பிரட்டு பிரட்டி, உடனே புளித்தண்ணியை ஊத்து.

மல்லேஸ்வரம்_வாசி

அத்தை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. வத்தலைக் கடைசியில் போட்டால் பல்லில் கடிபடும்போது மட்டும் கசக்கும், குழம்பு தெளிவாக இருக்கும். பாதிக் கொதியிலேயே போட்டால் அந்தக் கசப்பு குழம்பு முழுவதும் இறங்கி, புளியோடு சேர்ந்து ஒரு ஆழம் கொடுக்கும், வத்தல் மெத்தென்று ஆகிவிடும். இரண்டும் சரியான முறைதான். மகன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அம்மா குழம்பில் வத்தல் மொறுமொறுவென்று இருக்குமா, மெத்தென்று இருக்குமா என்பதை. சித்திக்கு நிச்சயம் நினைவிருக்கும். வாசனையைவிடப் பல்லுக்குத் தட்டுப்படுவதை மனிதர்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

வத்தல் வாங்குவதில் கவனம். மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்தது ஒன்று, உப்பில்லாமல் காயவைத்தது ஒன்று. முன்னதன் மேல் வெளிறின உப்புப் படிவு தெரியும். 25 கிராம் உப்பு வத்தல் போட்டால் கல்லுப்பு ஒன்றரை ஸ்பூனில் நின்று ருசி பாருங்கள். வீட்டில் யாருக்காவது ரத்த அழுத்தம் இருந்தால் உப்பில்லாததையே வாங்குங்கள். மணத்தக்காளிக் கீரையை இங்கே கணிகெ சொப்பு என்பார்கள், மல்லேஸ்வரம் 8வது கிராஸில் கீரை கிடைக்கும். வத்தலுக்குத் தமிழ்க் கடைதான்.

சின்ன வெங்காயத்துக்கு "சாம்பார் ஈருள்ளி" என்று கேளுங்கள். சில நேரம் பெங்களூர் ரோஸ் வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார்கள். அது சின்னதாக, அடர்சிவப்பாக இருந்தாலும் ஒற்றைக் கிழங்கு. சின்ன வெங்காயம் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரோஸ் வெங்காயம் நீண்ட கொதியில் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும். உங்கள் அளவுக்குச் சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு இருபது பல், எல்லாம் முழுசாக.

இன்னொன்று, எள்ளெண்ணெய் என்று கேட்டு வறுத்த எள்ளில் எடுக்கிற சீன வகை எண்ணெயை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். ஒரு ஸ்பூன் போட்டாலும் குழம்பு பாழ். செக்கில் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டின நல்லெண்ணெய்தான் வேண்டும்.

நீர்க்கணக்கு

தண்ணீரைப் பற்றிச் சில விவரங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாயவரத்தில் 100. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்தால் இந்த மூன்று டிகிரி நன்றாகவே தெரியும், நேரம் கூடும். ஊரில் சொன்ன நிமிஷக் கணக்கை இங்கே அப்படியே வைக்கக் கூடாது. ஆனால் உங்கள் அம்மா சமைத்ததே பெங்களூரில் என்பதால் அவர் நேரம் ஏற்கெனவே இந்த ஊருக்குப் பழகியது. மாயவரத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் சொல்லும் நேரத்தைவிட, மர்பி டவுன் அடுப்படியில் பார்த்த நேரத்தை நம்புங்கள்.

குழாயில் வருவது காவிரித் தண்ணீரா, போர்வெல்லா? தொரேகாடனஹள்ளியிலிருந்து சுத்திகரித்து வருகிற காவிரி நீரில் கடினம் குறைவு. போர்வெல் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். கால்சியம் பருப்பை வேகவிடாது. பைகார்பனேட் புளியின் அமிலத்தில் ஒரு பங்கை முறித்துவிடும். ஒரே புளி, ஒரே அளவு, ஆனால் அம்மா காலத்தில் காவிரி நீரும் இப்போது டேங்கர் நீரும் என்றால் புளிப்பு மாறும். இப்போது டேங்கர் வருகிறது என்றால் குழம்புக்கு மட்டும் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு வேகவில்லை என்று சோடா உப்புப் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள், அது ருசியை வழவழப்பாக்கிவிடும்.

நாகைக்கரை

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கணும். அப்பாவுக்குப் பிடித்த மீன் குழம்பை அவர் நினைவு நாளில் வைக்க வேண்டும். இங்கே மீன் பெயர்களே வேறாக இருக்கிறது. பாட்டி எழுதின சீட்டில் "மிளகாய் 2 பலம், மல்லி 1 உழக்கு" என்று இருக்கிறது.

அஞ்சறைப்பெட்டி

நாகைக்கரை, பலம் சுமார் 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1,400 கிராம். ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி, உழக்கு அதில் இரட்டை, 336 மில்லி. உழக்கு எடை இல்லை, கொள்ளளவு, அதனால் மல்லியை 336 மில்லிக்கு அளந்து அதையே நிறுத்துக்குங்க. வீட்டில் பாட்டி உழக்கு இருந்தா தண்ணி ஊற்றிச் சரிபாருங்க, படி அளவு ஊருக்கு ஊர் மாறும்.

மீன்: வஞ்சிரம் இங்கே அஞ்சல். அயிலை என்றால் பங்குடே, மத்தி என்றால் பூதாய். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் காலையிலேயே போனா தேர்ந்தெடுக்கலாம். ஐஸில் வர்ற மீன் என்பதால் கொதிக்கிற குழம்பில் போட்டு ஆறேழு நிமிஷத்துக்கு மேல் வைக்காதீங்க, உதிர்ந்திடும். குழம்பை முழுசா வற்றவிட்ட பிறகுதான் மீன். மீதியைத் தனி இழையில் கேளுங்க, விரிவா எழுதறேன்.

மர்பிடவுன்_மகன்

முதல் சோதனை முடிந்தது. எல்லாவற்றையும் பாதி அளவில் வைத்தேன். பொடி மில்லுக்காரர் கணக்குப்படி மிக்ஸியில் அரைத்தது. நிறம் வந்துவிட்டது. குத்துகிற புளிப்பு போய்விட்டது, கசப்பும் இல்லை. சித்தி "கிட்ட வந்துடுச்சு" என்கிறார், ஆனால் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை.

அஞ்சறைப்பெட்டி

"அதே மாதிரி இருக்கா"ன்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. "இதில் எது கூட, எது குறைச்சல்"னு கேளுங்க. அதைவிட நல்லது, வைத்த குழம்பை மூணு கிண்ணத்தில் பிரிச்சு, ஒன்றில் எதுவும் சேர்க்காம, ஒன்றில் துளி வெல்லம், ஒன்றில் சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்து, எது எதுன்னு சொல்லாம சித்திகிட்டக் கொடுங்க. ஒரு தடவைக்கு ஒரு சாமானைத்தான் மாற்றணும். இரண்டை மாற்றினா எது வேலை செய்ததுன்னு தெரியாமப் போகும்.

சாதம் எது போட்டீங்க? இங்கே வீடுகளில் சோனா மசூரிப் பச்சரிசிதான் பழக்கம். அம்மா பொன்னிப் புழுங்கல் வடிச்சிருந்தா, அந்தத் தடித்த மணி குழம்பை வாங்கிக்கிற விதமே வேற. கஞ்சி வடிச்ச சாதமா, குக்கர் சாதமாங்கறதும் மாறும். குழம்பைத் திருத்தறதுக்கு முன்னாடி சாதத்தைத் திருத்திப் பாருங்க. சுட்ட அப்பளமா, பொரிச்சதா, கூடப் பருப்புத் துவையல் இருந்ததாங்கறதும் சித்திக்கு நினைவிருக்கும். அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாய்.

கும்பகோணம்_அத்தை

தம்பி, சித்திகிட்ட இன்னொன்னு கேளு. அவங்க வாயில நிக்கிறது அன்னிக்கு வெச்ச குழம்பா, மறுநாள் சூடு பண்ணின குழம்பா? வத்தக்குழம்பு முதல் நாள் குழம்பு இல்லப்பா. ராத்திரி முழுக்கக் கல்சட்டியில கிடந்து, பூண்டும் வெங்காயமும் புளியைக் குடிச்சு, எண்ணெய் மேல மிதந்து நிக்கும்போதுதான் அது சேரும். பாதிப் பேருக்கு அம்மா குழம்புன்னு நினைப்பில இருக்கிறது அந்த மறுநாள் குழம்புதான்.

மர்பிடவுன்_மகன்

கேட்டேன் அத்தை. மறுநாள் குழம்புதான். "காலையில பழையதுக்கு அக்கா தொட்டுக்கக் குடுப்பா" என்று உடனே சொன்னார். மிச்சம் இருந்ததை இன்று காலை சூடு செய்து, பொன்னிப் புழுங்கல் பழையதோடு கொடுத்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மிளகு சேர்த்த கிண்ணத்தையும் அவர்தான் எடுத்தார்.

ஆனால் படையலுக்கு முதல் நாள் வைத்ததை வைக்கலாமா? எங்கள் வீட்டில் அன்று குளித்துவிட்டுச் சமைத்ததைத்தான் வைப்பார்கள்.

மல்லேஸ்வரம்_வாசி

முதல் நாள் வைத்ததை வைக்க வேண்டாம். இன்னொன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். புரோகிதர் வைத்து ஹோமத்தோடு சிராத்தம் செய்கிற வீடுகளில் புளி, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் அன்று சேர்க்க மாட்டார்கள். மிளகு, சீரகம்தான், பிரண்டைத் துவையல்தான். அப்படிப்பட்ட வீடானால் வத்தக்குழம்பை வேறொரு நாள் அவர் நினைவாக வையுங்கள். இலையில் இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிற வழக்கம் உள்ள வீடென்றால் தடையில்லை.

கல்சட்டி

படைக்கிறது நண்பகல் என்றால் விடிகாலை ஐந்து மணிக்குக் குழம்பை ஏற்றிவிடுங்கள். வற்ற நாற்பது நிமிஷம். ஆறு மணிக்குள் அணைத்து, மூடி சாத்தி, சட்டியிலேயே விடுங்கள். கல் சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல ஆறவிடும், பூண்டுக்கு ஊற ஆறு மணி நேரம் கிடைக்கும். படைப்பதற்கு முன் சிறு தீயில் ஒரு கொதி. மறுநாள் குழம்பில் முக்கால் பங்கு அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் சேர்த்து இளக்காதீர்கள், இறுகியிருந்தால் சூட்டில் தானாக இளகும்.

மர்பிடவுன்_மகன்

நாங்கள் இலையில் படைக்கிற வீடுதான், பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். பொடியில் மிளகை 50லிருந்து 60 கிராமாக ஏற்றி மில்லில் அரைக்கப் போகிறேன். சட்டிக்கு இன்று விளக்கெண்ணெய் தடவியாயிற்று. ஒரே சந்தேகம், அடுக்குமாடியில் காக்காய்க்கு எங்கே வைப்பது?

கும்பகோணம்_அத்தை

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்ல. இலை பறக்காம அடியில ஒரு சின்னக் கல்லு. சாதத்தை ஆறவெச்சு, நெய்யும் பருப்பும் பிசைஞ்சு, குழம்பை ஓரமா ஒரு ஸ்பூன் விடு. இன்னியிலிருந்தே தினம் காலையில ஒரு பிடி சாதம் அதே இடத்தில வெச்சு வா, அன்னிக்குக் கூப்பிட்டதும் வந்துடும்.